பின்னால் கூப்பிடாத வீடு

ஜேகோ வீட்டில், வாசல்படி தாண்டிப் போகிறவரை யாரும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். பர்ஸை மறந்திருந்தாலும் சரி, கண்ணாடியை மறந்திருந்தாலும் சரி. போனவருக்குத் தானாக நினைவு வந்து திரும்பினால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பொருள் அன்று முழுக்க மேஜைமேலேயே கிடக்கும்.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், புது டவுன்ஹவுஸ்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் அந்த மர வீட்டுக்கு ஹம்சா கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து அசந்துபோனாள். கோபிச்செட்டிபாளையத்தில் அவள் வீட்டிலும் இதே கட்டுப்பாடுதான். அங்கே யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனால், பிள்ளைகளை வேறு வழியாக ஓடவிட்டு, போகிறவருக்கு எதிரே போய்க் கொடுக்கச் சொல்வார்கள். அதனால் அவள் புருஷன் ஆலன் ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வயலுக்குக் கிளம்பியபோது, அவள் கூப்பிடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே குறுக்கே ஓடி, மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்ன, வயல்ல மாரத்தானா?" என்றான் ஆலன்.

"டப்பா. பின்னாடி கூப்பிடக் கூடாது."

அவன் முகம் மாறிவிட்டது. "உனக்கு யார் சொன்னது? அம்மாவா?"

யாரும் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார் மார்கரெட்தான் அன்று மாலை அவளை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொன்னாள். அதுவரை வெள்ளைக்கார மாமியாரும் தமிழ் மருமகளும் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான். அன்றைக்குத்தான் பேசினார்கள்.

ஜேகோக்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்தவர்கள். அங்கே டேமர் என்று ஓர் ஆறு. ஆற்றங்கரைச் சரிவில் ஆண்கள் செம்புச் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். பெண்கள் மேலே ஸ்ட்ராபெரி வைப்பார்கள். செம்பு தீர்ந்துபோனது. ஜேம்ஸ் ஜேகோ மனைவி மேரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, நியூ ஜெர்சியின் வடக்கு மலையில் இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தான். ஒரு குளிர்காலக் காலையில் அவன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, நம் சோமாசியைப் போல மடித்துச் சுட்டது. சுரங்கத்துக்குக் கிளம்பியவன் வழியில் திரும்பக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஆனாலும் மேரிக்கு, புருஷன் பட்டினி கிடப்பானே என்று இருந்தது. வாசலில் நின்று, "ஜேம்ஸ்!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பி வந்தான். சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனான். அன்று மதியம் சுரங்கத்தின் கூரை இறங்கிவிட்டது. பிறகு தண்ணீர் புகுந்தது. ஆளை மேலே கொண்டுவர முடியவில்லை. சுரங்க வாய்க்கு வேலி போட்டு மூடிவிட்டார்கள்.

மேரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெற்கே, மலையே கண்ணில் படாத இந்தச் சமவெளிக்கு வந்தாள். ஊரார் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறித்தாள். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம். செலரி, அஸ்பாரகஸ், கீரை, தக்காளி என்று விளைந்ததை மகன்கள் குதிரைவண்டியில் ஏற்றி நியூ பிரன்ஸ்விக் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஜேகோக்கள் யாரும் இனி மண்ணுக்குக் கீழே போகக் கூடாது என்று மேரி சொல்லிவிட்டாள். அதனாலேயே இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பேஸ்மென்ட் இருக்க, இந்த வீட்டுக்கு மட்டும் கிடையாது. செடிக்கு வேண்டிய ஆழத்துக்கு மேல் அவர்கள் தோண்டியதே இல்லை. இன்னொன்றும் சொன்னாள். வாசல் தாண்டியவரைக் கூப்பிடாதே.

"நீ ஓடினதைப் பார்த்தப்போ, மேரிதான் ஓடுறான்னு நினைச்சேன்" என்று மார்கரெட் சொன்னாள். "அவளுக்கு இந்த யோசனை தோணாமப் போச்சே."

அந்த மார்கரெட் போய் வெகுகாலம் ஆகிறது. ஆலன் போனது இந்த ஏப்ரலில்.

ஹம்சா இந்த வீட்டுக்கு வந்ததே கத்தரிக்காயால்தான். அப்போது அவள் பிரின்ஸ்டன் பக்கம் ஓர் ஆபீஸில் டெஸ்டிங் வேலையில் இருந்தாள். ஜேகோ தோட்டத்துச் சாலையோரக் கடையில் நின்று, சின்னக் கத்தரிக்காய் கிடைக்குமா என்று கேட்டாள். ஆலன் அவள் காகிதத்தில் வரைந்து காட்டிய படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கத்தரிக்காயா, கத்தரிக்காயோட குழந்தையா?" என்றான். அடுத்த கோடையில் குழந்தைகள் விளைந்தன. அதற்கடுத்து வெந்தயக்கீரை, வெண்டை, பாகல், முள்ளங்கி. நிலத்தைத் துண்டு துண்டாக டவுன்ஹவுஸுக்கு விற்றுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அந்த டவுன்ஹவுஸ்களில் குடிவந்த நம்மவர்கள்தான் வாடிக்கை. ஆலனின் அப்பா பெயர் டென்ஸில். கடையில் உட்கார்ந்து, தன் பேத்தி வயதுப் பெண்களைக்கூட "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுவார். "கொத்து சின்னதா இருக்கே அங்கிள்" என்று யாராவது குறைப்பட்டால், "நானும் சின்னதாத்தான் இருக்கேன் ஆன்ட்டி, யாரும் விலை குறைக்கச் சொல்லல" என்பார். "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு தமிழ்ச் சொல்லும் பழகிவைத்திருந்தார். காலையும் கேட்பார், மாலையும் கேட்பார். ஹம்சா அவரை மாமா என்று அழைத்தாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஏப்ரலில் அந்த நாள் விடிந்ததும் ஆலன் ஓடைப் பக்கத்து வயலுக்குக் கிளம்பினான். அது குத்தகை நிலம், கொஞ்ச தூரம். ஆள் நடமாட்டம் இருக்காது. டிராக்டர் அங்கேதான் நின்றது. ஹம்சா சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னலோர நாற்காலியில் காப்பியுடன் இருந்தார். ஆலன் பிக்அப்பை கேட் வரை ஓட்டிப்போய், இறங்கி, சங்கிலியை அவிழ்த்தான். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. அப்போதுதான் ஹம்சா பார்த்தாள். அவன் போன் மேஜைமேல் இருந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் வாய் திறக்கவில்லை. ஓடியிருக்கலாம், வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் போயிருக்கலாம். முந்தின வாரமெல்லாம் முட்டி வலி. வெளியே சேறு. போன்தானே, டிஃபனுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள். ஆலன் வண்டியை வெளியே எடுத்து, சங்கிலியை மறுபடி மாட்டிவிட்டுப் போனான்.

டிஃபனுக்கு வரவில்லை. மேஜைமேல் போன் மட்டும் அடித்தபடி இருந்தது. கீரை வந்துவிட்டதா என்று யார் யாரோ கேட்டார்கள். ஹம்சா கார் எடுத்துக்கொண்டு போனபோது ஓடைக்கரைச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து கிடந்தது. அவன் அதன் கீழே இருந்தான். கைகள் இரண்டும் வெளியே இருந்தன. உடனே போயிருக்க மாட்டார், கொஞ்ச நேரம் நினைவோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்கு என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ.

மேலேயே இருந்தால் மண் தங்களை ஒன்றும் செய்யாது என்று நம்பிய குடும்பம் அது.

போன் மேஜைமேல் இருந்ததைத் தான் முன்பே பார்த்ததை ஹம்சா யாரிடமும் சொல்லவில்லை. போனை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் தலையசைத்தார்கள். வாரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து டவுன்ஹவுஸ் அமீனாதான் ஒருமுறை, டப்பர்வேரைத் திறந்துகொண்டே, வெகுளியாகக் கேட்டுவிட்டாள்.

"அப்ப நீ அந்தப் பக்கம் இருந்தியா ஹம்சா? பாத்திருந்தா ஒரு சத்தம் குடுத்திருப்பேல்ல."

"நான் பாக்கல" என்றாள் ஹம்சா.

மாமா அப்போது ஹாலில்தான் இருந்தார். அமீனா பேசியது தமிழ். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவருக்குத் தெரியும். அதுதான் ஹம்சாவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அன்று காலையில் அவர் ஜன்னலோரம் இருந்தார். அவள் மேஜையைப் பார்த்ததையும், கேட்டைப் பார்த்ததையும், திரும்பிக் கோப்பை கழுவியதையும் பார்த்திருப்பார். கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு என் பிள்ளையச் சாக விட்டாளே என்று அவர் நினைக்கிறாரா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். திட்டினாலும் சரி. அவர் வாயே திறக்கவில்லை.

சாவுக்குப் பிறகு டென்ஸில் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். "சாப்பிட்டாச்சா" நின்றுபோனது. ஆலனின் போனை மட்டும் அதே மேஜையில், அதே மூலையில், தினமும் சார்ஜ் போட்டு வைத்தார். ஹம்சா துடைக்கும்போது அதை நகர்த்தினால், அடுத்த வேளைக்குள் அது பழைய இடத்துக்கு வந்துவிடும். தான் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் வைக்கிறார் என்று அவள் நினைத்தாள். போகப் போக அந்த மேஜையில் அவளால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அடுப்பருகே நின்றுகொண்டே தின்றாள்.

கோடையில் கடை திறக்கவில்லை. ஆலன் தட்டுகளில் போட்டிருந்த நாற்றுகள் வெளிறி உயர்ந்து, சாய்ந்து, தட்டிலேயே காய்ந்தன. வாட்ஸப் குழுவில், வெண்டைக்காய்க்கு இனி எங்கே போவது என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். பிறகு யாரோ வேறு கடையின் இடம் போட்டார்கள்.

டெக்ஸஸில், பிளானோவில் வேலையில் இருந்த மகள் வெண்பா அக்டோபரில் வந்தாள். தாத்தாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். அவளிடம் வானிலையைப் பற்றிப் பேசினார், கார் டயரைப் பற்றிப் பேசினார். ஹம்சா பக்கம் திரும்பவில்லை. வெண்பா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சமையலறையில் அம்மாவை மடக்கினாள்.

"ஹி இஸ் நாட் ஈவன் டாக்கிங் டு யூ, அம்மா."

"அவருக்குப் பையன் போயிட்டான்."

"யூ லாஸ்ட் ஹிம் டூ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்ன நடந்தது? சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவால்லையே."

"தென் கம் வித் மீ. ப்ளீஸ். அங்க ரூம் இருக்கு. தாத்தாவை மோலி அத்தை பாத்துப்பாங்க, ஐ ஆஸ்க்ட் ஹெர்." மோலி, ஆலனின் தங்கை. பக்கத்து ஊரில்தான் இருந்தாள். அண்ணன் வீட்டுக்கே குடிவந்துவிடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

ஹம்சா ஒருநாள் யோசித்தாள். போவதென்றால், நிரந்தரமாகத்தான் போவது. அவர் இருக்கும் வரை இந்தப் படியை மிதிக்க முடியாது. அவர் கேட்காததற்கு அவள் பதில் சொல்லாமலே போய்விட வேண்டியதுதான். அவருக்கும் அது நிம்மதியாக இருக்கும். தன் பிள்ளையைக் கூப்பிடாத வாயைத் தினம் பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "மாமா, நான் வெண்பாகூடப் போறேன். டெக்ஸஸுக்கு. மோலி இங்க வந்துடுவா."

டென்ஸில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டது கையிலேயே இருந்தது.

"எப்ப?"

"சனிக்கிழமை."

"அப்ப குளிர் ஆரம்பிச்சிரும்" என்றார். அவ்வளவுதான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சரி, தெரிந்துகொண்டோம் என்று ஹம்சா நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அலமாரிகளைக் காலி செய்தாள். ஆலனின் கனத்த சட்டை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றதை மடித்து அப்படியே வைத்தாள். மாமாவுக்குப் பிடித்த மாதிரி உப்புக் குறைத்து நாலைந்து வேளைக்குச் சூப் செய்து ஃப்ரீஸரில் அடுக்கினாள். மாத்திரை டப்பியை மோலிக்கு விளக்கிச் சொன்னாள்.

சனிக்கிழமைக் காலை. வயல் முழுக்க முதல் உறைபனி. போன வருஷம் இதே நாளில் ஆலன் கடைசி முள்ளங்கியைப் பிடுங்கி, "குளிர் பட்டாத்தான் இனிப்பு" என்று பச்சையாகக் கடித்துக் காட்டினான். வெண்பா பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். மோலி தேம்பித் தேம்பி அழுதாள். டென்ஸில் அறையிலிருந்து வெளியே வரவில்லை. ஹம்சா அவர் கதவருகே போய் நின்றாள். "மாமா, போயிட்டு வரேன்" என்றாள், தமிழில். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் வாசல்படி இறங்கினாள்.

மேஜைமேல் ஆலனின் போன் இருந்தது. இறங்கும்போது அதையும் பார்த்தாள்.

கார் கேட் வரை போய் நின்றது. "நான் திறக்கிறேன்" என்று ஹம்சா இறங்கினாள். சங்கிலி பனியில் விறைத்துக் கிடந்தது. விரலில் ஒட்டியது. அன்று ஆலன் கையும் இப்படித்தான் இதைப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். கொக்கியை அவிழ்த்தாள். வீட்டுக்கு முதுகு காட்டி நின்றாள்.

"ஹம்சா!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் இந்தத் திசையிலிருந்து ஒரு குரலும் அவள் கேட்டதில்லை. வெண்பா காருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஹம்சா!"

வாசல் முகப்பில் டென்ஸில் நின்றார். பனியனும் பைஜாமாவும்தான். காலில் ஒன்றுமில்லை. தூணைப் பிடித்திருந்தார். கத்திய வேகத்தில் இருமல் வந்து குனிந்திருந்தார். பின்னால் மோலி சால்வையோடு ஓடிவந்தாள்.

ஹம்சா சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். முட்டி வலித்தது. பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள். எதையோ மறந்துவிட்டோம் போல, பாஸ்போர்ட்டா, மருந்தா என்று மனசுக்குள் தேடிக்கொண்டே போனாள். படிக்குக் கீழே நின்றாள்.

"என்ன மாமா? எதை விட்டுட்டேன்?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"ஒண்ணும் இல்ல" என்றார். "கூப்பிட்டுப் பார்த்தேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கேட்டைப் பார்த்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அந்தப் போன் என் காப்பிக்குப் பக்கத்துலதான் இருந்தது" என்றார். "உனக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். அவன் ஷூ மாட்டும்போதே பாத்தேன். இறங்கட்டும், இறங்கினப்புறம் ஞாபகம் வந்து வருவான்னு விட்டேன். அப்புறம் படி தாண்டிட்டான்."

மோலி சால்வையை அவர் தோளில் போட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நீ கோப்பை கழுவிக்கிட்டிருந்த. நீ பாக்கலைன்னுதான் நினைச்சேன். நான் பாத்தது உனக்குத் தெரிஞ்சா இங்க இருப்பியா? எப்படியும் ஒருநாள் கேப்பன்னு காத்துக்கிட்டே இருந்தேன். உன் முகத்தைப் பாக்க முடியல."

நானும் பார்த்தேன் என்று சொல்ல ஹம்சா வாய் திறந்தாள். அது வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். மேஜை இருக்கும் பக்கம் கையைக் காட்டி, பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

டென்ஸிலுக்குப் புரிந்தது. மெல்லக் குனிந்து, தூணைப் பிடித்தபடியே, பனி படிந்த மேல்படியில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். கோபியில், கிளம்பியவரைத் திரும்ப அழைத்துவிட்டால் உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். யாரும் சொல்லாமலே மோலி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஹம்சா வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடித்தார்.

கேட்டருகே காரின் என்ஜின் நின்றது. வெண்பா இறங்கி, கதவில் சாய்ந்தபடி, இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டென்ஸில் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு வெண்பாவை, அவள் நின்ற இடத்தை, அந்தச் சங்கிலியைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இவ்வளவு தூரம்தான்" என்றார்.